என் சகலை கம்பி அறுத்த கதை

என் சகலை மருதைக்குக் கம்பி அறுக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. திருவெறும்பூரில் அவர் வீட்டு ஸ்கூட்டர் ஷெட்டை எட்டிப் பார்த்தால் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் இருக்கும், அரம் இருக்கும், சுவரில் ஆக்சா பிளேடு மாட்டிய சட்டம் தொங்கும், ரசமட்டம்கூட உண்டு. புதிதாகப் பார்க்கிறவர் யாரோ பெரிய ஃபிட்டர் வீடு என்று நினைத்துக்கொண்டு போவார். போகட்டும். மருதை அறுத்த கம்பியைப் பார்க்காதவரைக்கும் அந்த நினைப்புக்கு ஒன்றும் ஆபத்தில்லை.

நானும் அவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்கா வள்ளிக்கண்ணு அவர் வீட்டில், தங்கை ராசாத்தி என் வீட்டில். எனக்கு ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, நாற்காலி எது வேண்டுமென்றாலும் பாலு கடை என்று கேட்டு வரலாம். சகலைகள் ஒருவர் காலை ஒருவர் வாருவது எங்கள் குடும்பத்தில் ஒரு ஏற்பாடு. என் கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

மருதை லால்குடிப் பக்கத்துக்காரர். நெல் போடுகிற குடும்பம். இவரை நம்பி வயலை விட்டால் களையை விட்டுவிட்டுப் பயிரைப் பிடுங்குவார் என்று பெற்ற அப்பாவே பயந்துபோய், யார் யாரையோ பிடித்து, திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய பேக்டரியில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் "மருதை பேக்டரில இருக்கான்" என்று பேச்சு. அங்கே என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர், "அங்க ஒரு மெஷினே மாப்ள பொறுப்புலதான் ஓடுது" என்று அடித்துவிட்டார். ஓடியது உண்மைதான். அது கேன்டீனில் உளுந்து அரைக்கிற கிரைண்டர்.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே வள்ளிக்கண்ணு கண்டுபிடித்துவிட்டார். சட்டையைத் துவைக்க எடுத்தவர் அப்படியே முகர்ந்து பார்த்தாராம்.

"ஏங்க, இரும்பு வாசன வரும்னு நெனச்சேன். மசால் வாசன வருது. அப்படி என்னதாங்க செய்றீங்க அங்க?"

மருதைக்கு வேறு வழியில்லை. "வட" என்றார்.

அண்ணி அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர்தான். என் மனைவியின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு அந்த மனிதரை ஒரு நாள் விட்டதில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் திட்டு, குழம்பில் உப்பு கூட என்று சொன்னால் திட்டு, சொல்லாவிட்டால் "நாக்கு செத்துப்போச்சா" என்று திட்டு. மருதையும் திட்டு வாங்கிக்கொண்டே தட்டை நீட்டி இன்னொரு கரண்டி ரசம் கேட்பார். அந்த வீட்டில் ரேடியோ வாங்காததற்குக் காரணம் தேவைப்படவில்லை என்பதுதான்.

வடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது. மருதை காலையில் போடுகிற முதல் வடை ஒரு வாய்க்குத்தான் வரும். கடைசி வடை உள்ளங்கையில் அடங்காது. எல்லாம் ஒரே மாவு, ஒரே கை. கோளாறு என்னவென்றால், அவர் ஒவ்வொரு வடையையும் அதற்கு முன்னால் போட்ட வடையைப் பார்த்துத்தான் தட்டுவார். குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு துளி மாவைக் கூட வைப்பார். அடுத்த வடை அந்தக் கூடுதலைப் பார்த்து இன்னொரு துளி கூடும். இந்த விஷயம் பேக்டரியில் பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் அத்துப்படி. புதிதாகச் சேர்ந்தவர்களை, "நீங்க மொதல்ல போங்க தம்பி" என்று மரியாதையாக வரிசையில் முன்னால் அனுப்பிவிட்டு இவர்கள் பின்னால் நிற்பார்களாம். அண்ணிக்கு இது தெரிந்த பிறகு ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஆனால் மருதைக்கு உள்ளுக்குள் ஒரு ஏக்கம் இருந்தது. நீலச் சட்டைக்காரர்கள் கையில் இரும்புக் கறையோடு டம்ளரை வாங்கும்போது இவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். சர்வீஸ் முழுக்க இரும்பு வேலைக்காரர்களுக்கு டீ ஊற்றிவிட்டு ஒரு ஆணியைக்கூட அறுக்காமல் ரிட்டயர் ஆகிறோமே என்று என்னிடமே ஒரு தடவை சொன்னார். எனக்கு அப்போது பாவமாகத்தான் இருந்தது. ரிட்டயர் ஆன அடுத்த மாதமே ஸ்கூட்டரை வெளியே தள்ளிவிட்டு ஷெட்டில் வைஸைப் பூட்டியதும் அந்தப் பாவம் போய்விட்டது.

பாலக்கரைப் பழைய இரும்புக் கடையில் கம்பி வாங்கி வருவார். அறுக்கும்போது பிளேடு சூடாகாமல் இருக்க எண்ணெய் விட வேண்டும் என்று யாரோ சொல்ல, பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை விட்டார். ஷெட்டே கேன்டீன் மாதிரி மணக்கும். முதலில் ஒரு முக்காலி செய்தார். அதில் உட்கார்ந்தால் தெரு தானாகவே சாயும். அப்புறம் துணி காயப்போட ஒரு ஸ்டாண்டு. காற்று அடித்தால் அது வேட்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். எனக்கு ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டு கொடுத்தார். என் கடை ஷட்டருக்கு முட்டுக் கொடுக்கத்தான் லாயக்கு, அதற்கே வைத்திருக்கிறேன். அண்ணி ஒவ்வொன்றுக்கும் ஷெட் வாசலில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோட்டம் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொல்வார். மருதை அதற்காகவே அடுத்ததைச் செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

போன ஆடியில் அண்ணிக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால். நல்ல வேளை, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கை திரும்பிவிட்டது, பேச்சும் மெல்ல வந்தது, காலும் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு நாள் பின்பக்க வராண்டாவில் விழுந்தார். அந்த வீட்டில் பாத்ரூம் வராண்டாவின் கடைசியில் இருக்கிறது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்த வெளி, பிடிக்க ஒன்றும் கிடையாது. அடி பலமில்லை. ஆனால் அதிலிருந்து எழுந்து நடக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டார்.

நடக்காதது ஒரு பக்கம். திட்டுவதையும் நிறுத்திவிட்டார். நான் பார்க்கப் போனபோது, வேண்டுமென்றே வாயைக் கிளறினேன். "என்ன அண்ணி, சகலை இன்னொரு முக்காலி செய்யப் போறாராமே" என்றேன். பழைய வள்ளிக்கண்ணு என்றால் அதற்கு ஒரு மணி நேரம் ஓடும். "செய்யட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மருதை சமையல்கட்டில் காய்ந்த தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலக்கரையிலிருந்து அல்ஷிஃபா என்று ஒரு பிசியோதெரபிப் பெண் ஸ்கூட்டியில் வருவாள். சின்னப் பெண்தான், ஆனால் பூசி மெழுகமாட்டாள்.

"ஆன்ட்டி, கால்ல பலம் இருக்கு, நான் பாத்துட்டேன். நீங்கதான் ஊன மாட்டேங்கறீங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே படுத்திருந்தா அப்பறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல, சொல்லிட்டேன்."

"போனா போகட்டும்மா" என்றார் அண்ணி.

வாக்கர் வாங்கி வந்தார்கள். "நான் விழுந்தா அதுவும் சேந்து என் மேல விழும்" என்று அதைத் தொடவில்லை. வாசலுக்கு வந்த அல்ஷிஃபா, செருப்பை மாட்டிக்கொண்டே மருதையிடம், வராண்டாவில் கெட்டியாக ஒரு கைப்பிடி இருந்தால் பயம் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். தப்பு அவள் மேல் இல்லை. அவளுக்கு ஷெட்டைப் பற்றித் தெரியாது.

மெயின் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜூட் வந்து அளவு பார்த்தார். படுக்கையறை வாசலிலிருந்து பாத்ரூம் கதவுவரை தரையில் கம்பிகளை நட்டு, மேலே பைப்பை வைத்து வெல்டிங் அடித்துவிடலாம். "கட்டிங் மெஷின் கொண்டாரேன் அங்கிள், எல்லாக் கம்பியும் பத்து நிமிசத்துல துண்டு போட்டுடலாம்" என்றார். மருதை ஒத்துக்கொள்ளவில்லை. கம்பியைக் கையால் தானே அறுத்துத் தருவதாகவும், ஜூட் வந்து பற்றவைத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

இது ராசாத்தி வழியாக என் காதுக்கு வந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கே ஒரு மனுஷிக்குக் கால் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்கு இப்போதுதான் ஃபிட்டர் ஆக வேண்டுமா? கடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறித் திருவெறும்பூரில் போய் இறங்கினேன். தெருமுனைக்கே கர்ர் கர்ர் என்று சத்தம் கேட்டது.

"வாங்க சகலை" என்றார். பனியனெல்லாம் வியர்வை. அறுத்து முடித்த கம்பியை அடுத்த கம்பிக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டு, முனைக்கு நேராக சாக்பீஸால் கோடு இழுத்தார். கோடு அழியக் கூடாது என்று அதற்கு அந்தப் பக்கமாகப் பிளேடை வைத்தார். நான் பிளாஸ்டிக் விற்கிறவன், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? என் கோபம் எனக்கு.

"உங்களுக்கு அறிவிருக்கா சகலை? இந்த வேகத்துல நீங்க அறுத்து முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆடி வந்துரும். ஜூட்டு பத்து நிமிசத்துல அறுத்துத் தரேங்கறாரு. ஒரு வாரமா கர்ரு கர்ருன்னு இதப் போட்டு தேச்சுக்கிட்டு இருக்கீங்க. உங்க ஆசைக்கு அண்ணி காலா கெடச்சுது?"

அவர் பிளேடை அடுத்த இழுப்பு இழுத்தார். எனக்கு இன்னும் ஏறியது. கேன்டீன், கிரைண்டர், வடை என்று எல்லாவற்றையும் இழுத்துவிட்டேன். நடுவில் வீட்டுக்குள்ளிருந்து டிங் என்று மெலிசாக ஒரு சத்தம். நான் கவனிக்கவில்லை. மருதை சட்டத்தை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் உள்ளே ஓடினார்.

பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அண்ணியின் கட்டிலோரம் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் இருந்தன. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் குரல் எழும்பவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார். அதுவும் எப்போதாவது ஒரு தடவை, ஒரே ஒரு தட்டு. மருதை தண்ணீர் கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, வாயைத் துடைத்துவிட்டு வந்தார். மறுபடி சட்டத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"மெஷின் ஓடுனா அவ தட்றது கேக்காது சகலை."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஷெட் மூலையில் இருந்த அவருடைய முக்காலியில் போய் உட்கார்ந்தேன். அது சாய்ந்தது. சாயட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கம்பியெல்லாம் அறுத்து முடிந்து ஜூட் வந்து நட்டு, பைப்பை வைத்துப் பற்றவைத்தார். வேலை முடிகிற நேரத்துக்கு நானும் ராசாத்தியும் போய்ச் சேர்ந்தோம். ஜூட் வராண்டாவின் ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அங்கிள், மேல பைப்பு போகப் போக ஏறுது. இந்த முனையவிட பாத்ரூம் முனை நாலு விரக்கடை ஒசரம்."

"அது தரை வாட்டம்பா. மழத் தண்ணி ஓடறதுக்கு விட்டிருக்கு" என்றார் மருதை.

"பாத்ரூம் பக்கம் தரை ஒசரம்னா, மழத் தண்ணி பெட்ரூமுக்குள்ளயா அங்கிள் ஓடும்?"

மருதை ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். பைப்பில் வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "ரசமட்டம் கெட்டுப்போச்சு" என்றார். ஜூட் என்னைப் பார்த்தார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

அல்ஷிஃபா வந்ததும் அண்ணியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, படுக்கையறை வாசலில் என் கடை நாற்காலியில் உட்கார வைத்தோம். "பாருங்க ஆன்ட்டி, அங்கிள் உங்களுக்காகவே செஞ்சிருக்காரு" என்றாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ராசாத்தி, "அக்கா, பாருக்கா" என்று கெஞ்சினாள். மருதை ஓரமாக, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர் போல நின்றார். இதற்கும் எழவில்லை என்றால் அவ்வளவுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணி மெல்ல நிமிர்ந்தார். கைப்பிடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடினார்.

நான் ராசாத்தியின் கையைப் பிடித்தேன்.

"ஏங்க" என்றார் அண்ணி. "இந்தக் கம்பிய எத வச்சு அளந்தீங்க?"

"மொதக் கம்பிய வச்சு."

"ரெண்டாவத மொதக் கம்பிய வச்சு. மூணாவது?"

மருதை யோசித்தார். "ரெண்டாவத வச்சு."

"நாலாவது?"

"மூணாவத வச்சு. எல்லாம் ஒரே அளவுதான், ஒண்ணும் மாறல."

"அடப் பாவி மனுசா!" என்றார் அண்ணி. அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது, வெளியே கேட்டில் நின்ற நாய் திரும்பிப் பார்த்தது. "வட தட்ன மாதிரியே கம்பி அறுத்து வச்சிருக்கீங்களே! ரிட்டயர் ஆகியும் புத்தி போகலயே!"

"எங்க பெருசா இருக்கு? எனக்குத் தெரியலயே" என்றார் மருதை. சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. நடிக்கிற அளவுக்கு அவருக்குச் சாமர்த்தியம் போதாது.

"தெரியலயா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" அண்ணி முதல் கம்பியை எட்டிப் பிடித்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. எழுந்துவிட்டார். "இதப் பாருங்க, என் இடுப்புக்கு வருது. இது, இதவிட ஒரு நூல் பெருசு. இது, அதவிடப் பெருசு. இங்க வாங்க, தள்ளி நின்னா எப்படித் தெரியும்?"

அல்ஷிஃபா பாய்ந்து பிடிக்கப் போனாள். மருதை அவள் குறுக்கே கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

அண்ணி ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காட்டிக்கொண்டே போனார். வலது கால் இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஆனால் வந்தது. இரண்டு கம்பிக்கு ஒரு திட்டு. லால்குடியில் உள்ள மாமனாருக்கு ஒன்று, தரகருக்கு ஒன்று, உளுந்து கிரைண்டருக்கு ஒன்று. பாதி வழியில் ஜூட்டுக்கும் கிடைத்தது: "நீங்களும் பாத்துக்கிட்டே பத்த வச்சிருக்கீங்க!" ஜூட் எழுந்து நின்று, "தப்புதான் ஆன்ட்டி" என்றார்.

கடைசிக் கம்பி. "இந்தா, இது என் விலாவுக்கு வருது. நாளைக்கு இன்னும் ரெண்டு கம்பி போட்டா கழுத்துக்கு வரும்" என்று சொல்லி முன்னால் கையை நீட்டினார். கை பாத்ரூம் கதவில் பட்டது.

அண்ணி கதவைப் பார்த்தார். திரும்பி, வராண்டாவின் அந்தக் கோடியில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். ராசாத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன், அதற்கென்ன இப்போ.

"யாரு என்னைய இங்க கொண்டாந்து விட்டது?" என்றார் அண்ணி.

"நீயாத்தான் வந்த" என்றார் மருதை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் பைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "சரி, அழுதது போதும். வந்து தோளக் குடுங்க, திரும்பிப் போகணும். நாளைக்கே இத்தனையையும் மொதக் கம்பி அளவுக்கு அறுத்தாகணும். ஆமா, சொல்லிட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். ஜூட் வெல்டிங்கை வெட்டி மேல் பைப்பைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து நான் போனபோது மருதை வராண்டாவில் மண்டியிட்டு, நட்ட கம்பிகளை நின்ற வாக்கிலேயே கையால் அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டிருந்தார். அண்ணி பக்கத்தில் என் கடை நாற்காலியில். மடியில் முதல் கம்பி அளவுக்கு ஒரு குச்சி. அதை யார் கையிலும் தருவதில்லை. ஒரு கம்பி முடிந்ததும் ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை மருதையின் தோளிலும் வைத்து எழுந்து வந்து, குச்சியை வைத்துப் பார்த்து, திட்டிவிட்டுப் போய் உட்காருவார். டம்ளர் சமையல்கட்டுக்குப் போய்விட்டிருந்தது. நான் காபி குடித்தது அதில்தான்.

"கோட்டு மேல அறுங்கன்னா கோட்டுக்கு அந்தாண்ட போறீங்களே! கோடு என்ன உங்க மாமியா ஊடா, தாண்டிப் போறதுக்கு?" என்றார் அண்ணி.

மருதைக்கு வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"ஏன் சகலை இந்தப் பாடு? இப்பத்தான் டம்ளர் சத்தத்துக்குக் காது குடுக்க வேண்டியதில்லயே. ஜூட்டக் கூப்பிட்டா மெஷின வச்சு ஒரே இழுப்புல முடிச்சிருவாரு."

அவர் பிளேடை நிறுத்தி, இவ்வளவு பெரிய மடையனையா மாமனார் வீட்டில் தேடிப் பிடித்தார்கள் என்பது போல என்னைப் பார்த்தார்.

"மெஷின் ஓடுனா அவ திட்றது கேக்காதே சகலை" என்றார்.